முன்பற்களின் பின்புறம்

பல் மருத்துவரிடம் நான் வலி என்று போகவில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மேல்வரிசை முன்பற்கள் கூசின. கூச்சத்துக்கு ஏதாவது பற்பசை எழுதிக் கொடுப்பார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்ற கணக்கில் போனேன். அவர் சிறிய வட்டக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, முன்பற்களின் பின்புறத்தை, நாக்கு படும் பக்கத்தை, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். விளக்கைச் சற்றுத் தாழ்த்திவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு உதவியாளரை ஏதோ ஒரு பொருளை எடுத்துவரச் சொல்லி வெளியே அனுப்பினார். அந்தப் பொருள் கடைசிவரை வரவே இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

"பல்லின் முன்பக்கம் நன்றாக இருக்கிறது. பின்பக்கம் எனாமல் கரைந்திருக்கிறது. அமிலம் பட்டால்தான் இப்படி ஆகும். நெஞ்செரிச்சல் உண்டா? அடிக்கடி வாந்தி வருமா?"

"நெஞ்செரிச்சல் உண்டு, டாக்டர்" என்றேன். ஒன்பது வருடப் பயிற்சி. பொய் எங்கும் தடுக்காமல் வந்தது.

அவர் நம்பியதாகவும் காட்டிக்கொள்ளவில்லை, நம்பாததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. "காரணம் எதுவாக இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காதீர்கள். அமிலம் பட்ட எனாமல் கொஞ்ச நேரம் மிருதுவாக இருக்கும். அப்போது தேய்த்தால் பிரஷ் அதை வழித்து எடுத்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும்" என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இதற்குச் சிகிச்சை இருக்கிறது. பல்லுக்கு மட்டும் சொல்லவில்லை" என்று சேர்த்துக்கொண்டார்.

ஒன்பது வருடங்களாக ஒவ்வொரு முறையும் உடனே பல் தேய்த்திருந்தேன், வாடை தெரியக்கூடாது என்று. தடயத்தை அழிக்க நான் செய்த காரியம்தான் அவருக்குத் தடயமாகக் கிடைத்திருந்தது.

புலிமியா என்ற சொல், கட்டுப்பாடில்லாமல் தின்றுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் நோயின் பெயர், எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஆனால் அது என்னைக் குறிக்கும் சொல் என்று நினைத்ததில்லை. எலும்பும் தோலுமான இளம்பெண்ணின் படம்தான் மனதில் இருந்தது. நான் முப்பதைத் தாண்டிய ஆண். எடை சராசரி. வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறவன். பந்தியில் உட்கார்ந்தால் எல்லோரையும்போலச் சாப்பிடுகிறவன். இடையில் இரண்டு முறை உடல் பரிசோதனைக்குப் போனபோது பார்த்த மருத்துவர் என் எடையைக் குறித்துக்கொண்டு "இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பாராட்டி அனுப்பினார். அவரைக் குறைசொல்லவும் முடியாது, நான் எதையும் சொல்லவில்லையே. ஆனால் அவரும் எதையும் கேட்கவில்லை.

இந்த நோயின் முதல் சூழ்ச்சியே இதுதான். எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடந்து மெலியும் அனோரெக்ஸியா வந்தவரை உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். புலிமியா வந்தவர்களில் பெரும்பாலோர் சராசரி எடையிலோ அதற்குச் சற்று மேலோ இருப்பார்கள். தெருவில் போகிறவருக்குத் தெரியாது, கூடவே படுத்து எழுகிறவருக்கும் தெரியாது. இங்கிலாந்து இளவரசி டயானா 1995 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் தனக்குப் பல ஆண்டுகள் இந்த நோய் இருந்ததாகச் சொன்னார். உலகத்திலேயே அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட பெண்களில் ஒருவர் அவர். அத்தனை கேமராக்களுக்கும் எட்டாத இடத்தில் அது நடந்திருக்கிறது. ஆண்களுக்கும் வரும் என்பதற்குச் சான்று தேடிய நாட்களில் எனக்குக் கிடைத்த பெயர் ஜான் பிரெஸ்காட். பத்தாண்டுகள் பிரிட்டனின் துணைப் பிரதமராக இருந்தவர், கனத்த உடம்புக்காரர், முரட்டுப் பேச்சுக்குப் பேர்போனவர். தனக்குப் புலிமியா இருந்தது என்று 2008இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த இரவு எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

நோய்க்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாற்றிய ஜெரால்ட் ரஸல் என்ற மனநல மருத்துவர். 1972 முதல் 1978 வரை தான் பார்த்த முப்பது பேரைப் பற்றி 1979இல் ஒரு கட்டுரை எழுதினார். தாங்களே வரவழைத்துக்கொண்ட வாந்தியால் சிலருடைய விரல் முட்டிகளில் பல் பட்டுக் காய்ப்புக் காய்த்திருந்ததை அவர் கவனித்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை 'ரஸல் அடையாளம்' என்றே படிக்கிறார்கள். என் வலது கையில் ஆள்காட்டி விரல் முட்டிமேல் பட்டாணி அளவில் ஒரு தழும்பு உண்டு. சைக்கிளிலிருந்து விழுந்தது என்று நான் சொல்லிச் சொல்லி, எந்தச் சைக்கிள், எந்தத் தெருமுனை என்றுகூட எனக்கு ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது.

புலிமியா என்றால் தமிழ்க் காதுக்குப் புலிதான் கேட்கிறது. கிரேக்கத்தில் அது மாடு. 'பௌஸ்' என்றால் எருது, 'லிமோஸ்' என்றால் பசி. எருதுப் பசி. நம்மிடம் இன்னும் பெரிய விலங்கு இருக்கிறது. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிநோய்க்குப் பழந்தமிழில் யானைத்தீ என்று பெயர். எனக்கு எருதைவிட யானை பொருத்தமாகப் படுகிறது, யானையைவிடத் தீ. ஆனால் இரண்டு மொழிகளுமே நோயின் ஒரு பாதியைத்தான் பெயரில் வைத்திருக்கின்றன. தின்பதைச் சொல்கின்றன. தின்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அந்த இன்னொரு பாதியைத்தான்.

முதலில் தின்பதைச் சொல்லிவிடுகிறேன், அதை மழுப்பினால் மற்றது விளங்காது. இரவு பதினொன்றரை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து அதன் வெளிச்சத்திலேயே நின்றுகொண்டு சாப்பிடுவேன். விளக்குப் போட மாட்டேன், உட்கார மாட்டேன், தட்டு எடுக்க மாட்டேன். தட்டு எடுத்தால் அது சாப்பாடு ஆகிவிடும். முதல் இரண்டு வாய்க்கு ருசி இருக்கும். அதற்குப் பிறகு நாக்கு வேலை செய்வதில்லை, கை மட்டும்தான். இனிப்பா, காரமா, நேற்று வைத்ததா, சூடாக்காததா என்ற கேள்வி எதுவும் கிடையாது. நிறுத்து என்று ஒருவன் உள்ளே சொல்லிக்கொண்டே இருப்பான். அவனுக்கு நிறுத்தும் அதிகாரம் இல்லை. வயிறு வலிக்கும் எல்லை வந்த பிறகுதான் கை ஓயும். அதன்பின் கதவடைத்த குளியலறை, திறந்துவிட்ட குழாய். எல்லாம் முடிந்ததும் ஒரு வெறுமை வரும், மழை ஓய்ந்த மாதிரி. அது பத்து நிமிடம் நீடிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் நடக்கிறதோ என்று பின்னால் தோன்றியிருக்கிறது.

மருத்துவர்கள் இதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். சுமார் இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழ்நிலையில் பெரும்பாலானவர்கள் சாப்பிடுவதைவிட நிச்சயமாக அதிகமான உணவைச் சாப்பிடுவது, அப்போது கட்டுப்பாடு கையைவிட்டுப் போனதாக உணர்வது. அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, சிறுநீர் மாத்திரை, பட்டினி, அளவுகடந்த உடற்பயிற்சி என்று ஏதாவது ஒன்றைச் செய்வது. தன்னைப் பற்றிய மதிப்பு முழுவதையும் உடலின் எடையிலும் வடிவத்திலும் கட்டித் தொங்கவிடுவது. இது வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் புலிமியா. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் 1994இல் வாரத்துக்கு இரண்டு முறை என்று இருந்த வரம்பை 2013இல் ஒன்றாகக் குறைத்தார்கள். "எனக்கு அவ்வளவு இல்லை" என்று எண்ணிக்கை பார்த்துத் தப்பித்துக்கொண்டிருந்த என்போன்றவர்களுக்கு அது அடைத்த கதவு. உடற்பயிற்சியும் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். வாந்தியே எடுக்காமலும் புலிமியா இருக்க முடியும். காய்ச்சலோடு நான் ஓடிய காலைகளை ஊர் ஒழுக்கம் என்று மெச்சியது.

இனி மற்ற பாதி. பத்து நிமிட வெறுமை முடிந்ததும் சபதம் வரும். நாளை முதல் காலையில் எதுவும் சாப்பிட மாட்டேன், மதியம் பாதிதான், இனிப்பு இந்த ஜன்மத்தில் கிடையாது. சபதம் போட்டதும் மனம் சுத்தமானதுபோல் இருக்கும். அந்தச் சபதத்தை மருந்து என்று ஒன்பது வருடம் நம்பியிருந்தேன். நோயே அதுதான் என்று எனக்குச் சொல்லித் தருவதற்குச் சிகிச்சையாளருக்கு ஒரு காகிதமும் பேனாவும் போதுமாக இருந்தது. வட்டமாக ஒரு படம் வரைந்தார். பட்டினி, பசி, வெறித்தீனி, வெளியேற்றம், குற்றவுணர்ச்சி, மறுபடியும் பட்டினி. "இதில் எந்த இடத்தில் கைவைத்தால் வட்டம் உடையும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். வெறித்தீனியைக் காட்டினேன். எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள் என்றார். அவர் விரல் வைத்தது பட்டினியின்மேல்.

அவர் அப்போது சொன்ன பழைய ஆய்வு ஒன்றை நான் பிறகு தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினி போட்டார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். மனமும் உடம்பும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். போர்க்களப் பட்டினியால் வாடியவர்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று கண்டறிவதுதான் நோக்கம். அவர்கள் எடையில் கால்வாசியை இழந்தார்கள். ஆனால் என்னை உலுக்கியது எடை அல்ல. அவர்களுடைய பேச்சு முழுக்க உணவாகிவிட்டது. சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், தனிமையில் ஒதுங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிச் சாப்பாடு கிடைத்ததும் சிலர் வயிறு வெடிக்கத் தின்றும் இன்னும் பசிக்கிறது என்றார்கள். இவர்களில் யாருக்கும் முன்பு உணவோடு எந்தத் தகராறும் கிடையாது. பசி அடக்கப்பட்டால் உடம்பு என்ன செய்யும் என்பதைத்தான் அவர்கள் செய்தார்கள். என் பேராசை, என் கேவலம் என்று நான் ஒன்பது வருடம் பெயர் வைத்திருந்தது பாதிக்கு மேல் வெறும் உடலியல்.

எல்லாவற்றையும் பட்டினிமேல் போட்டுவிட முடியாது என்பதும் உண்மை. டயட் இருப்பவர்கள் எல்லோருக்கும் புலிமியா வருவதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உண்டு, சிறு வயதில் உடம்பைக் கேலி செய்த வாய்களுக்கு உண்டு. சுற்றிலும் எந்த உடம்பு அழகு என்று காட்டப்படுகிறது என்பதற்கும் உண்டு. ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அங்கே பள்ளி மாணவியரிடம் ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு முறை கணக்கெடுத்தார். எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் 1995இல் ஒருவர்கூட இல்லை, 1998இல் 11.3 சதவீதம். இப்போது தொலைக்காட்சியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். எத்தனை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தோம் என்று எண்ணி நட்சத்திரம் கொடுக்கும் செயலிகள் அதிலேயே இருக்கின்றன. இந்த நோய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் கையில் அது கத்தி. என் கைப்பேசியில் இருந்த அந்தச் செயலியை அழிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து பதினோரு நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு மனைவியிடம் சொன்னேன். சமையலறையில், அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "குடிக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்" என்றாள். "பாட்டில் எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று அலமாரிக்குப் பின்னால்கூடத் தேடியிருக்கிறேன். காலி பிஸ்கட் உறைகள்தான் இருந்தன. பிஸ்கட்டை யாராவது ஒளித்துவைப்பார்களா என்று விட்டுவிட்டேன்."

அவள் அன்று கோர்த்துக்கொண்டே போன சங்கதிகளை வேறு வீடுகளில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு நாளும் நேரே குளியலறைக்குப் போவது. குழாய் நெடுநேரம் ஓடுவது. வாங்கிய பொருட்கள் கணக்கில்லாமல் தீர்ந்துபோவது. விருந்து என்றால் ஏதாவது காரணம் சொல்லி நழுவுவது. காலையில் முகம் உப்பியிருப்பது, குறிப்பாகக் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில். அங்கேதான் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது, அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு அது வீங்கும். "கன்னம் போட்டிருக்கிறது, ஆரோக்கியமாக இருக்கிறீர்கள்" என்று உறவினர்கள் சொன்னது அந்த வீக்கத்தைத்தான். தொண்டை கரகரப்பு, காரணமில்லாத களைப்பு, பெண்கள் என்றால் மாதவிடாய் தப்புவது. டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களில் சிலர் எடை குறைவதற்காக இன்சுலினைத் தவிர்ப்பதும் உண்டு. அது மிக வேகமாக உயிருக்கு உலை வைக்கும். இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். பல சேர்ந்து வந்தால் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்றால், அந்தப் பல் மருத்துவர் கேட்ட மாதிரி. தனியாக, அதட்டாமல், பொய் சொல்லவும் இடம் விட்டு. நோயாளி முதல் முறை மறுப்பார். மறுத்தபின்னும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் திரும்பி வருவார். எடையைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வேண்டாம். "நீ குண்டாக இல்லையே" என்ற ஆறுதல்கூட வேண்டாம். அந்த ஆறுதலும் தராசை அதே இடத்தில்தான் வைக்கிறது. "இவ்வளவுதானே, சாப்பிடாமல் இருந்தால் போச்சு" என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவருடைய யோசனைதான் என் நோயின் மூலம் என்று அவருக்கு விளக்கும் தெம்பு அன்று எனக்கு இல்லை.

பொது மருத்துவரிடம் போனபோது ஐந்து கேள்விகள் கேட்டார். 1999இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஸ்காஃப் என்ற கேள்வித்தாள் அது. வயிறு தாங்கமுடியாமல் நிரம்பியதால் நீங்களே வாந்தி எடுக்கிறீர்களா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் பிடி விட்டுப்போனதாகக் கவலைப்படுகிறீர்களா, கடந்த மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்குமேல் இளைத்தீர்களா, மற்றவர்கள் ஒல்லி என்னும்போது உங்களை நீங்கள் குண்டு என்று நம்புகிறீர்களா, உணவு உங்கள் வாழ்க்கையை ஆள்கிறதா. இரண்டுக்கு ஆம் என்றாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். எனக்கு மூன்று. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொன்னபோது குரல் வரவில்லை, தலையாட்டினேன்.

அவர் உடனே ரத்தப் பரிசோதனைக்கும் இசிஜிக்கும் எழுதினார். எனக்கு விந்தையாக இருந்தது. இது மனசு சமாசாரம் என்றல்லவா வந்தேன்? பொட்டாசியம் 2.9 என்று வந்தது. 3.5க்குக் கீழே போகக்கூடாத எண் அது. வாந்தியும் பேதியும் உடம்பின் பொட்டாசியத்தை வடித்துவிடும், அது குறைந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். நான் இரவில் மார்பு படபடப்பதைக் குற்றவுணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சராசரி எடையில் இருக்கும் ஒருவர் முன்னறிவிப்பே இல்லாமல் சரிந்து விழ இந்த ஒரு எண் போதும். மயக்கம், தசை இழுப்பு, தாறுமாறான படபடப்பு, நெஞ்சுவலி, வாந்தியில் ரத்தம், இனி இருந்து என்ன பயன் என்ற எண்ணம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்கக்கூடாது. அன்றே, அப்போதே அவசரச் சிகிச்சைப் பிரிவு.

பேதி மாத்திரைகளைப் பற்றியும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவை பெரும்பாலும் பெருங்குடலில் வேலை செய்கின்றன. சாப்பிட்டதன் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிட்டிருக்கும். வெளியேறுவது தண்ணீரும் உப்பும். தராசு முள் இறங்குவது அந்தத் தண்ணீரால்தான், அடுத்த நாள் குடித்ததும் ஏறிவிடும். வாந்தியும் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுவதில்லை, நல்ல பங்கு உள்ளேயே தங்கிவிடும். ஒன்பது வருடம் நான் நடத்திய வியாபாரத்தின் ஐந்தொகை இது.

சிகிச்சை என்றதும் சோபாவில் படுத்துக்கொண்டு பால்யகாலத்தைத் தோண்டுவது என்று எதிர்பார்த்திருந்தேன். முதல் நாளே ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கச் சொன்னார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் சொல்கிறோம், வாயில் நுழையாத பெயர். புலிமியாவுக்கென்று அதைச் செதுக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன். வழக்கமாக இருபது வாரம், இருபது அமர்வு. தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு. இது வெறும் எழுத்து வேலையாக இருக்கிறதே என்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். கோபன்ஹேகனில் நடந்து 2014இல் வெளியான ஒரு சோதனை என் வாயை அடைத்தது. 70 நோயாளிகளில் ஒரு பாதிக்கு இந்த இருபது அமர்வு, மறு பாதிக்கு இரண்டு வருடம் வாராவாரம் மனப்பகுப்பாய்வு. ஐந்து மாத முடிவில் தீனியும் வெளியேற்றமும் நின்றவர்கள் முதல் பிரிவில் 42 சதவீதம், இரண்டாவதில் 6. இரண்டு வருட முடிவிலும் 44க்கு 15. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முழுதாகப் பலிக்கவில்லை என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. யாராவது கட்டாயம் குணமாகும் என்று சத்தியம் செய்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோட்டில் ஐந்து பத்தி. நேரம், சாப்பிட்டது, இடம், தீனியா இல்லையா (தீனி என்றால் ஒரு நட்சத்திரம்), அப்போது மனதில் ஓடியது. சாப்பிட்டவுடன் எழுத வேண்டும், இரவில் ஞாபகப்படுத்தி எழுதினால் செல்லாது. இரண்டாவது வாரப் பக்கம் ஒன்று என் முன்னால் இருக்கிறது. காலை 7.30க்கு நேராகக் கோடு. மதியம் 1.00க்கு "பாதி". பிறகு இரவு 11.40 வரை வெற்றிடம். 11.40க்கு நேராக ஒரு நட்சத்திரம், ஐந்தாவது பத்தியில் "நான் மனிதனே இல்லை" என்று என் கையெழுத்து. சிகிச்சையாளர் அந்த நட்சத்திரத்தைத் தொடவே இல்லை. 1.00க்கும் 11.40க்கும் நடுவில் இருந்த வெள்ளைக் காகிதத்தில் பேனாவால் தட்டினார். "பத்து மணி நேரம் நாற்பது நிமிடம். இங்கே என்ன நடந்தது?" ஒன்றும் நடக்கவில்லை என்றேன். "அதுதான்" என்றார்.

மருந்து இதுதான்: கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவது. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும். முந்தின இரவு தீனி நடந்திருந்தாலும் காலை உணவு உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது அந்தக் காலை உணவுதான். குற்றம் செய்தவன் அதே கையோடு பரிசு வாங்குவதுபோல் இருக்கும். மாலை நான்கு மணிக்கு ஒரு பழம் என்று எழுதியிருந்தது. அலுவலகத்தில் அந்தப் பழத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு நான்கு ஐந்தாகும் வரை பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. தின்ற நாட்களில் இரவு சற்று இலேசாக இருந்தது. மூன்றாவது வாரம் நோட்டைப் புரட்டியபோது, பழம் தின்ற நாட்களிலும் தின்னாத நாட்களிலும் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தேன். வாதம் செய்ய எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, அவர் முன்னிலையில். வீட்டுத் தராசை மனைவி பரண்மேல் ஏற்றிவிட்டாள். முதல் வாரங்களில் கால் வீங்கியது, வயிறு உப்பியது, மலச்சிக்கல் வந்தது. வெளியேற்றத்தை நிறுத்தும்போது உடம்பு சில காலம் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை இல்லாதிருந்தால் கொழுத்துவிட்டேன் என்று பயந்து நான்காம் நாளே ஓடியிருப்பேன். பலர் ஓடுவது இங்கேதான். அதற்கடுத்து, தடைசெய்துவைத்த உணவுகளை ஒவ்வொன்றாக மீட்பது, பகலில், உட்கார்ந்து, தட்டில் வைத்து. ஒளித்துத் தின்ற அதே பிஸ்கட்டை இரண்டு மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு மனைவி எதிரில் சாப்பிட்ட அன்று கை நடுங்கியது. சிரிக்காதீர்கள்.

அவள் முதல் வாரம் காவலுக்கு நின்றாள், குளியலறை வாசலில். எனக்குத் திருடன் போலவும் அவளுக்குப் போலீஸ் போலவும் ஆகிவிட்டது. சிகிச்சையாளர் அதை நிறுத்தச் சொல்லி வேறொன்று சொன்னார். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டாம். சீட்டாடினோம். உந்துதல் என்பது அலை, ஏறும், நிற்கும், இறங்கும். அது இறங்கும் வரை கையில் சீட்டு இருந்தால் போதும். அவள் அப்பட்டமாகக் கள்ளாட்டம் ஆடுவாள் என்று திருமணமாகி ஆறு வருடம் கழித்து அறிந்தேன்.

மாத்திரையும் உண்டு. ஃப்ளூஆக்ஸெட்டின் ஒன்றுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை புலிமியாவுக்கென்று ஒப்புதல் கொடுத்த மருந்து. மனச்சோர்வுக்குப் பொதுவாக 20 மில்லிகிராமில் தொடங்குவார்கள், இதற்கு 60 வரை போகிறார்கள். எனக்குக் கொடுத்தார்கள், ஓரளவு உதவியது. ஆனால் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது என்கிறது, மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டி. பெரியவர்களுக்கு முதலில் வழிகாட்டலோடு கூடிய சுய உதவிப் பயிற்சி, அது போதாவிட்டால் நான் பெற்ற சிகிச்சை, சிறார்களுக்குக் குடும்பத்தையும் உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சை என்று அது வரிசைப்படுத்துகிறது. இன்னொன்று: மனச்சோர்வுக்குத் தரப்படும் புப்ரோபியான் என்ற மருந்து புலிமியா உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கலாம். ஆகவே வேறு எதற்காவது மருத்துவரிடம் போனாலும் இந்த நோயை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

பதினாறாவது வாரத்தில் வேலை மாறினேன், அந்தப் பரபரப்பில் நான்கு இரவு பழையபடி ஆயிற்று. எல்லாம் போயிற்று என்று நோட்டைக் கிழிக்கப் போனேன். கிழிக்காமல் எழுதியதால் ஐந்தாம் நாள் தெரிந்தது, அந்த நான்கு நாளும் நான்கு மணிப் பத்தி காலி. அதன்பிறகும் சறுக்கல்கள் வந்திருக்கின்றன, இடைவெளிகள் நீண்டுகொண்டே போகின்றன. கடைசியாக நட்சத்திரம் போட்டு ஏழு மாதம் ஆகிறது. இப்போதும் கண்ணாடியில் பார்த்தால் எனக்கு என் உடம்பு பிடிப்பதில்லை. பிடிக்காத உடம்புக்கும் நான்கு மணிக்குப் பழம் கொடுத்துவிடுகிறேன்.

எனாமல் திரும்ப வளராது. கரைந்த இடத்தில் பல் நிறத்திலேயே ஒரு பூச்சு வைத்து மூட வேண்டியிருந்தது. அதற்காக அதே பல் மருத்துவரிடம் போனேன், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. நாற்காலி சாய்ந்தது, விளக்கு இறங்கியது, கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

"டாக்டர், அன்றைக்கு நான் சொன்னது நெஞ்செரிச்சல் இல்லை."

"தெரியும்" என்றார். "இன்னும் கொஞ்சம் பெரிதாக வாயைத் திறவுங்கள்."